புள்ளி மறைந்த நாள்

அந்த மீன் வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் காலை, அதன் மேல் யாரோ ரவையைத் தூவிவிட்டது போல இருந்தது.

பவுடர் புளூ டாங் என்று கடைக்காரர்கள் சொல்லும் மீன் அது. உடம்பு இளநீலம், முகம் கறுப்பு, முதுகுத் துடுப்பு மஞ்சள். வால் தொடங்கும் இடத்தில் சவரக் கத்தி போல ஒரு முள் இருக்கும். சர்ஜன் மீன் என்ற குடும்பப் பெயர் அதனால் வந்ததுதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கி லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கை, அந்தமான் வரை இந்தியப் பெருங்கடலின் பவளப் பாறைகளில் வாழ்கிறது. மும்பை செம்பூரில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில், 300 லிட்டர் கண்ணாடித் தொட்டியிலும் அதை வாழவைத்துவிடலாம் என்று 2016 ஜூன் மாதம் நான் நம்பினேன். கடலில் நாள் முழுக்க நீந்தித் திரியும் மீனுக்கு அந்தத் தொட்டியே சிறியது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

"என்னங்க, மீனுக்கு வேர்க்குரு மாதிரி இருக்கே" என்றாள் மனைவி.

நன்னீர் மீன்களை இருபது வருடம் வளர்த்தவன் நான். தங்கமீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி, ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் கடல்நீரில் உப்பைப் போட்டு என்ன ஆகப்போகிறது? கடைக்குப் போன் செய்தேன். "வைட் ஸ்பாட்தான் சாப், பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர். சிறிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மூலிகை மருந்து. இறால், நத்தை எதற்கும் கெடுதல் இல்லை என்று லேபிளில் இருந்தது. தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுக்கச் சொன்னார். இரண்டையும் செய்தேன்.

நான்காம் நாள் காலை ஒரு புள்ளிகூட இல்லை. மீன் பளிச்சென்று இருந்தது. நன்றாகத் தின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். கைவசம் இருக்கட்டும் என்று இன்னொரு பாட்டிலும் வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாணேயில் கடல் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் தன் தொட்டியிலும் புள்ளி என்று புலம்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த மருந்தின் பெயரைச் சொன்னேன். "நானே கண்ணால் பார்த்தேன், நாலே நாளில் போய்விட்டது" என்று அடித்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் புள்ளிகள் திரும்ப வந்தன. இந்தமுறை எண்ண முடியவில்லை. கண்கள் மங்கியிருந்தன. செவுள் ஓயாமல் அடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் இரவு மீன் செத்துப்போனது. ஒரு வாரத்துக்குள் தாணே நண்பரின் தொட்டியும் காலியானது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

*

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன். முப்பது வருடத்துக்கு மேல் ரத்தமும் சளியும் பார்த்தவர். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். வீட்டில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். செத்த மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு நாள் ஃப்ரிஜ்ஜில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன்.

பார்த்தார். ஒன்றும் இல்லை.

"செத்த ஒடம்புல ஒட்டுண்ணி எதுக்குத் தங்கும்? அது அப்பவே எறங்கிப் போயிருக்கும்லா. உசுரோட இருக்கிற மீன்ல பாக்கணும், தம்பி. கண்ணால பாத்து நோய் சொல்லுதது ஜோசியம்."

தொட்டியில் மிச்சம் இருந்தவை இரண்டு கோமாளி மீன்கள், மூன்று இறால்கள், சில நத்தைகள், துறவி நண்டுகள். கோமாளி மீன் ஒன்றின் துடுப்பிலும் நான்கைந்து புள்ளிகள் தெரிந்தன. ஈரக்கையில் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றால் மார்புத் துடுப்புக்குப் பின்னால், தலையிலிருந்து வால் பக்கமாக, ஒரே ஒரு முறை லேசாக வழித்தார். கண்ணாடித் தகட்டில் அந்தக் கோழை, அதன் மேல் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு. பத்து விநாடிக்குள் மீன் தண்ணீருக்குத் திரும்பிவிட்டது.

லென்ஸில் நானும் பார்த்தேன். கறுத்த உருண்டை ஒன்று, உடம்பெங்கும் நுண்மயிர்களோடு, சாவகாசமாகச் சுழன்றுகொண்டிருந்தது. என் வீட்டில் ஒரு மாதமாகக் குடியிருந்த எதிரியின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

அதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். ஒரே செல்லால் ஆன உயிர். 1930களில் ஜப்பானில் இதை விவரித்தார்கள். இந்தப் பெயர் 1951இல் வைக்கப்பட்டது. தங்கமீனுக்கு வெள்ளைப் புள்ளி தரும் நன்னீர் ஒட்டுண்ணியோடு நெருங்கிய உறவு எதுவும் இதற்கு இல்லை. நோயின் தோற்றம்தான் ஒன்று. என் இருபது வருட அனுபவம் உதவாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அண்ணாச்சிக்கு மீனைப் பற்றித் தெரியாது, எனக்கு மைக்ராஸ்கோப் தெரியாது. இருவரும் சேர்ந்து மீன் மருத்துவப் புத்தகங்களைப் படித்தோம். படிக்கப் படிக்க, என் தொட்டியில் நடந்தது ஒரு காலண்டர் போல விரிந்தது.

இந்த ஒட்டுண்ணிக்கு நான்கு பருவங்கள். முதல் பருவத்தில் மீனின் மேல்தோலுக்கு அடியிலும் செவுளிலும் புகுந்துகொண்டு தின்கிறது. நாம் பார்க்கும் புள்ளி, ஒட்டுண்ணியும் அதைச் சுற்றித் தடித்த தோலும் சேர்ந்தது. மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தின்று முடித்துவிடும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்குகிறது. பெரும்பாலும் இருட்டில். சில மணி நேரம் தரையில் ஊர்ந்து இடம் தேடும். இது இரண்டாம் பருவம். மூன்றாவதாக, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து ஒன்று இருநூறுகூட ஆகும். நான்காவது பருவத்தில் கூடு வெடித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் நீந்தி வருகின்றன. ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

என் மீனின் புள்ளிகள் மருந்தால் மறையவில்லை. வயிறு நிறைந்து இறங்கிப் போயிருந்தன. நான் கடைக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஒவ்வொரு புள்ளியும் மணலுக்கு அடியில் நூறாகவும் இருநூறாகவும் பெருகிக்கொண்டிருந்தது.

இது புரிந்ததும் இன்னொன்றும் புரிந்தது. இந்த நோய்க்குப் பூண்டு வைத்தியம், மூலிகை வைத்தியம், புற ஊதா விளக்கு வைத்தியம் என்று எத்தனை இருக்கின்றனவோ, அத்தனைக்கும் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை. நான்காம் நாள் எந்த மருந்தும் பலிக்கும். பச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றாலும் பலிக்கும். முதல் தாக்குதலில் தப்பிய மீனுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடுகிறது. அது மேலும் குழப்பும். நோய் செவுளில் நாலைந்து உயிர்களாகத் தங்கி, வெளியே தெரியாமல், அடுத்த புது மீனுக்காகக் காத்திருக்கும். புது மீன் வந்து செத்தால், பழி புது மீன் மேல்.

கடலில் இந்த ஒட்டுண்ணி இல்லாமல் இல்லை. அங்கே அது பெரிய ஆபத்தும் இல்லை. கூட்டிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு அந்தப் பரப்பில் மீன் கிடைப்பது அபூர்வம். மீன்களை நெருக்கி அடைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. கொடுவா, களவா மீன்களைக் கூண்டுகளில் வளர்ப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அழகுக்காக வளர்க்கும் என் தொட்டியும் ஒரு கூண்டுதான்.

*

இவ்வளவு படித்த பிறகும் ஒரு பெரிய தப்பு செய்தேன். பதற்றத்தில் செய்தது.

இந்த நோய்க்கு நெடுங்காலமாக நிரூபிக்கப்பட்ட மருந்து தாமிரம். விவசாயிகள் மயில்துத்தம் என்று சொல்லும் காப்பர் சல்பேட்டில் இருப்பது. அளவு மிகக் குறுகியது. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. அதற்குக் கீழே போனால் நோய் போகாது, மேலே போனால் மீனுக்கே விஷம். 300 லிட்டருக்கு மொத்தமே 60 மில்லிகிராம் தாமிரம். மயில்துத்தமாகக் கணக்கிட்டால் கால் கிராமுக்கும் குறைவு. தயாராகக் கலந்து பாட்டிலில் விற்கும் தாமிர மருந்துகளும் உண்டு. அவற்றில் சில வகைகளுக்கு அளவே வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் தீர்ந்தது கதை. நான் அளவில் தப்பு செய்யவில்லை. இடத்தில் செய்தேன். மருந்தை நேராகத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் காலை மூன்று இறால்களும் சாய்ந்து கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்துவிட்டன. துறவி நண்டு ஒன்று கூட்டை விட்டு வெளியே வந்து செத்திருந்தது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் எமன் என்று படித்திருந்தேன். கொஞ்சமாகத்தானே போடுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனைக் குப்பியில் தண்ணீரை எடுத்துப் பார்த்தால், ஊற்றியதில் கால்வாசிகூட இல்லை. சுண்ணாம்புச் சத்துள்ள மணல் மிச்சத்தைக் குடித்துவிட்டது. ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத அளவு, இறாலைக் கொல்லப் போதுமான அளவு.

தாமிரம் எங்கே வேலை செய்யும் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை அது தொடாது. கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சுகள் மட்டும்தான் அகப்படும். கூடுகள் ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஆகவே மருந்து மூன்று நான்கு வாரம், ஒரு நாள்கூடக் குறையாமல், அதே அளவில் தண்ணீரில் இருந்தாக வேண்டும். மணலும் பாறையும் உள்ள தொட்டியில் அது நடக்காத காரியம். மீனுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும்.

*

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 60 லிட்டர் பிளாஸ்டிக் டப். மணல் கிடையாது, பாறை கிடையாது. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்று மோட்டார், ஹீட்டர். பார்க்க நன்றாக இருக்காது. பெரிய பிரச்னை அம்மோனியா. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா புது டப்பில் இருக்காது. நோயால் சாகாத மீன் தன் மூத்திரத்தாலேயே செத்துப்போகும். தினமும் அம்மோனியா சோதித்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

தாமிரத்தைத் தவிர வேறு வழிகளும் இருந்தன. ஒன்று, உப்பைக் குறைப்பது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அதை மெல்ல மெல்லப் 15, 16 கிராமுக்குக் கொண்டுவந்து மூன்று வாரத்துக்குக் குறையாமல் வைத்திருந்தால், எலும்புள்ள மீன்களில் பெரும்பாலானவை தாங்கும், ஒட்டுண்ணி தாங்காது. ஆனால் குறைந்த உப்பிலும் பிழைக்கும் ரகங்கள் உண்டென்று ஆய்வுகள் சொல்கின்றன. அளக்கும் கருவியும் சரியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி இதில் இறங்கக் கூடாது.

நாங்கள் பிடித்துக்கொண்டது மருந்தே இல்லாத இன்னொரு வழியை. 1987இல் இஸ்ரேலின் ஐலாத்தில் கொலோர்னி என்ற விஞ்ஞானி எழுதிய முறை. மீனை மூன்று நாளைக்கு ஒரு முறை, காய்ந்த சுத்தமான வேறு பாத்திரத்துக்கு, புதுத் தண்ணீருக்கு மாற்றுவது. மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டி, கூடு வெடித்துக் குஞ்சுகள் வருவதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய பாத்திரத்தைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் கூடுகள் செத்துவிடும். நான்கு முறை மாற்றினால் மீனில் ஒன்றும் மிஞ்சாது. எதிரியின் காலண்டரை வைத்தே எதிரியை ஏமாற்றுவது. அண்ணாச்சிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

இரண்டு டப்கள், இரண்டு செட் குழாய், இரண்டு ஃபில்டர். ஜூலை மாதத்து மும்பை மழையில் பிளாஸ்டிக் டப்பைக் காயவைப்பது எப்படி என்று கேட்காதீர்கள். மனைவியின் ஹேர் டிரையர் அந்த மாதம் மீனுக்குத்தான் உழைத்தது. பன்னிரண்டு நாள் முடிந்தபோது கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்திருந்தன. வழித்து எடுத்த கோழையில் உருண்டைகள் இல்லை.

மீனைக் குணப்படுத்தியாகிவிட்டது. தொட்டியை?

கூடுகள் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் வெடித்துவிடும். 72 நாள் வரை காத்திருந்து வெடித்த கூடும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால் கடல் மீன் வளர்ப்பவர்கள் 76 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அத்தனை நாளும் தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. வெளிவரும் குஞ்சுகள் இடமில்லாமல் பட்டினி கிடந்து சாக வேண்டும். தொட்டியிலிருந்த தாமிரத்தோடு மணலையும் அள்ளி வெளியே கொட்டிவிட்டு, பம்ப், விளக்கு, ஹீட்டர் எல்லாம் ஓட, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா சாகாமலிருக்க இரண்டு நாளைக்கு ஒரு முறை சிட்டிகைத் தீனி வேறு.

வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மீன் எங்கே?" என்று கேட்டார்கள். "இல்லாத மீனுக்குக் கரண்ட் பில் கட்டுறது நம்ம வீட்லதான்" என்றாள் மனைவி. நாற்பதாம் நாள் எனக்கும் பொறுமை போய்விட்டது. தண்ணீர் பளிங்காக இருக்கிறதே, மீனை விட்டுவிடலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"புள்ளி போன அன்னைக்கும் இப்படித்தான சொன்னீய?" என்றார்.

76 நாளும் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

*

புள்ளி தெரியும் நோய்கள் எல்லாமே இந்த நோய் இல்லை. இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ரவை போலத் தனித்தனியாகத் தெரிந்தால் கிரிப்டோகாரியானாக இருக்கலாம். பவுடர் போல, மஞ்சள் மாவு போல, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தால் அது வெல்வெட் எனப்படும் அமைலூடினியம். இது செவுளை முதலில் தாக்குகிறது. தோலில் எதுவும் தெரியும் முன்பே மீன் வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்துக்குப் பயந்து ஒளியும், பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். கூட்டுக்குள் ஒன்று 256 வரை பிரியும். நாள்கணக்கில் தொட்டியே காலியாகிவிடும். உப்பைக் குறைத்தால் இது அசையாது. தாமிரத்துக்கு அடங்கும். குளோரோகுவினுக்கும் அடங்கும். மலேரியா மாத்திரையில் உள்ள அதே குளோரோகுவின்தான். 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தம்பதி மீன் தொட்டிக்கான குளோரோகுவின் பாஸ்பேட்டைக் குடித்தார்கள். கணவர் இறந்துபோனார். மீன் மருந்து என்பது விளையாட்டுச் சாமான் இல்லை என்று உலகத்துக்கே தெரிந்தது அன்றுதான்.

புள்ளியே இல்லாமல், மீன் பாறையில் உரசிக்கொண்டு, கண் மங்கி, கொட்டாவி விட்டபடி இருந்தால் தட்டைப் புழுவாக இருக்கலாம். இது கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதால் மீனின் மேல் இருப்பதே தெரியாது. அதே சூடும் அதே பி.எச். அளவும் உள்ள நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டால், புழுக்கள் வெளுத்து உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் எள் போலக் கிடக்கும். குழாய்த் தண்ணீரானால் குளோரினை முறிக்க ஹைப்போ போட வேண்டும். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருந்த அதே ஹைப்போ. இந்த ஐந்து நிமிடக் குளியல் பரிசோதனை, பாதி வைத்தியம் இரண்டும்தான். மீதிப் பாதிக்கு, நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டல். முட்டைகளை அது கொல்லாது என்பதால் சில நாள் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும்.

2020இல் அண்ணாச்சி ஊருக்கே திரும்பிவிட்டார். போகும்போது மைக்ராஸ்கோப்பை என்னிடம் விட்டுப்போனார். மறுவருடம் அது என்னைப் பரீட்சை வைத்தது. புதிதாக வாங்கிய இரண்டு கோமாளி மீன்களைத் தனி டப்பில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒன்றின் உடம்பில் வெள்ளை படர்ந்து, தோல் நூல் நூலாக உரிய ஆரம்பித்தது. "வைட் ஸ்பாட், தாமிரம் போடுங்க" என்றது கடை. கோழையை வழித்து லென்ஸில் வைத்தேன். உருண்டை இல்லை. அவரைவிதை வடிவத்தில் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. போனில் படம் பிடித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன்.

"தட்டாம்பயறு மாதிரில்லா இருக்கு" என்று பதில் வந்தது.

புத்தகத்தில் அந்தப் பயறு இருந்தது. புரூக்லினெல்லா. 1970இல் விவரிக்கப்பட்ட ஒட்டுண்ணி. கோமாளி மீன்களை அதிகம் பிடிப்பது. இது இறங்கிக் கூடு கட்டுவதில்லை. மீனின் மேலேயே இரண்டு இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. அதனால் காலண்டர் கிடையாது, இடைவெளியும் கிடையாது. ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடும். தாமிரத்தை நம்பிக் காத்திருந்தால் இரண்டு மீனும் போயிருக்கும். ஃபார்மலின் குளியல் கொடுத்தேன். புற்றுநோய் வரவழைக்கக் கூடிய ரசாயனம் அது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுத்தான் செய்ய வேண்டும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மீனுக்கு அந்தப் படிவு கொடிய விஷம். உரிந்துகொண்டிருந்த மீன் அன்று இரவே செத்தது. மற்றது பிழைத்துக்கொண்டது. இரண்டும் தனி டப்பில் இருந்ததால் பெரிய தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

இப்போது எந்த மீன் வந்தாலும் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. ஒரு மாதம் டப்பில்தான். பால்கனியில் அந்த டப்பைப் பார்ப்பவர்கள் துணி ஊறவைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். முடிந்தவரை குஞ்சுக் கூடத்தில் பிறந்த மீனாகவே வாங்குகிறேன். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் வித்தையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் பல வருடங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். சர்ஜன் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்து வருபவைதான். நான் கொன்ற மீனும் ஏதோ ஒரு பாறையில் நீந்திக்கொண்டிருந்தது. ஒருவர் வலை வீசிப் பிடித்து, பையில் கட்டி, இரண்டு மூன்று கை மாறி, ஆறு நாள் என் வீட்டு விளக்கின் கீழே அழகாக இருந்தது. அந்த இனத்தை நான் மறுபடி வாங்கவில்லை. 2016இல் டப்பில் பன்னிரண்டு நாள் கழித்த கோமாளி மீன்கள் பல வருடம் அதே தொட்டியில் வாழ்ந்தன.

சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் போன் செய்தார். தாணே நண்பர்தான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். தன் தொட்டியிலே காலியான பிறகும் அவர் மீன் வளர்ப்பதை விடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இளைஞரின் குரலில் சந்தோஷம் பொங்கியது. யாரோ சொன்ன ஒரு மருந்தைப் போட்டாராம். "நாலே நாள் சார், ஒரு புள்ளி இல்லை. மத்தவங்களுக்கும் சொல்லலாம்னு இருக்கேன், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாம்னு..."

"யாருக்கும் சொல்லிடாதீங்க, தம்பி" என்றேன். "வீட்ல பெரிய பிளாஸ்டிக் டப் இருக்கா? ரெண்டு வேணும். இன்னைக்கே வேணும்."